சிறு தொழில்களுக்கு சைபர் பொறுப்புக் காப்பீடு: பாலிசியில் என்ன இருக்கிறது, மார்க்கம் என்ன சொல்கிறது?

நம் ஊர்களில் ஹஜ், உம்ரா பயணம் ஏற்பாடு செய்து தரும் டிராவல்ஸ் அலுவலகம் பெரும்பாலும் ஒரே ஓர் அறைதான். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு ஊழியர்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பாஸ்போர்ட் நகல், ஆதார், பான் கார்டு, புகைப்படம், பிறந்த தேதி, செல்போன் எண் எல்லாம் இருக்கின்றன. அதில் பாதி ஊழியரின் சொந்த போனில், வாட்ஸ்அப்பிலும் கிடக்கும். பயணம் முடிந்து ஹாஜிகள் ஊர் திரும்பிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். அவர்களின் ஆவணங்கள் மட்டும் அங்கேயே இருக்கும்.

ஸ்கேன் சென்டர், பல் மருத்துவமனை, திருமணத் தகவல் மையம், மெட்ரிக் பள்ளி, ஆடிட்டர் அலுவலகம் ஆகியவற்றிலும் இதே நிலைதான். இவை திருடு போனால் இழப்பு கடைக்காரருக்கு மட்டும் அல்ல. நம்பிக் கொடுத்தவருக்கும்தான். "உங்களிடம் கொடுத்த என் ஆவணத்தால் எனக்கு நஷ்டம் வந்துவிட்டது" என்று அவர் கேட்டால் யார் ஈடு கட்டுவது? இந்தக் கேள்விக்காக உருவானதுதான் சைபர் பொறுப்புக் காப்பீடு. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கிய இந்தப் பாலிசி இன்று இந்தியாவிலும் பல பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கிடைக்கிறது. சிறு தொழில்களுக்கென்று சுருக்கமான பாலிசிகளும் வந்துவிட்டன. ஏஜென்டுகள் கடை கடையாக வந்து கேட்கத் தொடங்கியிருப்பதால், வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

ஒரு தாக்குதல், மூன்று வகை இழப்பு

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். டிராவல்ஸ் அலுவலகத்தின் இமெயிலுக்கு, விசா தொடர்பான கடிதம் போல ஓர் இணைப்பு வருகிறது. ஊழியர் திறக்கிறார். பாஸ்வேர்டு திருடன் கைக்குப் போய்விடுகிறது. அவன் சில வாரம் சும்மா இருந்து கடிதப் போக்குவரத்தைப் படிக்கிறான். மக்காவில் உள்ள ஹோட்டலுக்குப் பணம் அனுப்பும் நேரம் பார்த்து, ஹோட்டல்காரர் எழுதுவது போலவே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்குக்கு அனுப்பவும்" என்று ஒரு கடிதம் அனுப்புகிறான். 12 லட்சம் ரூபாய் போய்விடுகிறது. போகிற போக்கில் எல்லா பாஸ்போர்ட் நகல்களையும் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிறான். இதைத்தான் ரான்சம்வேர் என்கிறார்கள்.

நமக்கு இது ஒரே சம்பவம். காப்பீட்டு நிறுவனத்துக்கு இது மூன்று.

முதலாவது, சொந்த இழப்பு. பூட்டிய ஃபைல்களை மீட்கும் செலவு, எப்படி நுழைந்தான் என்று ஆராயும் நிபுணரின் கட்டணம், வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்லும் செலவு, வேலை நின்ற நாட்களின் வருமான இழப்பு ஆகியவை இதில் வரும். வருமான இழப்புக்கு மட்டும் ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று பாலிசியில் எழுதியிருக்கும். அந்த நேரம் கடந்த பிறகு ஏற்படும் இழப்புதான் கணக்கில் சேரும்.

இரண்டாவது, பிறருக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய இழப்பு. ஆவணம் கசிந்த ஒருவர் நுகர்வோர் ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் வக்கீல் கட்டணமும், தீர்ப்பாகும் இழப்பீடும் இதில் அடங்கும். "பொறுப்புக் காப்பீடு" என்ற பெயர் இந்தப் பகுதியால்தான் வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பாலிசிகளில் வக்கீல் செலவும் மொத்த வரம்புக்குள்ளேயே கழிக்கப்படும். 50 லட்சம் வரம்பில் 15 லட்சம் வழக்குக்கே போய்விட்டால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க மிச்சம் 35 லட்சம்தான்.

மூன்றாவது, அந்த 12 லட்சம். பலர் ஏமாறுவது இதில்தான். திருடன் கணக்குக்குள் புகுந்து எடுத்த பணம் வேறு. நம் கையாலேயே நாம் அனுப்பிய பணம் வேறு. ஏமாற்றப்பட்டு அனுப்பினாலும், "உரிமையாளர் தாமே மனமுவந்து செலுத்தியது" என்று சொல்லி அடிப்படைப் பாலிசி இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். இதற்குத் தனியாக ஒரு கூடுதல் பிரிவு வாங்க வேண்டும். அதற்கும் தனி உச்சவரம்பு உண்டு. அது பெரும்பாலும் மொத்த வரம்பில் ஒரு சிறு பங்குதான். 50 லட்சம் பாலிசி எடுத்தவர், போன 12 லட்சமும் வந்துவிடும் என்று நம்பியிருப்பார். அந்தக் கூடுதல் பிரிவின் வரம்பு 5 லட்சம் என்றால் அவ்வளவுதான். அதிலும் டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை கழியும். சிறு வியாபாரிகளுக்கு நடப்பது அதிகமும் இந்த மூன்றாவது வகை என்பதால், ஏஜென்டிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ஏமாந்து நானே அனுப்பிய பணத்துக்கு எவ்வளவு?"

கடைக்கு எடுத்திருக்கும் தீ விபத்துப் பாலிசியும் கடைக்காரர் பாலிசியும் இதற்கெல்லாம் உதவுமா என்று சிலர் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் எரிந்துபோனால் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும். அதற்குள் இருந்த தகவலுக்குப் பொதுவாகக் கிடைக்காது.

தேதி முக்கியம்

மோட்டார் பாலிசியில் விபத்து நடந்த நாளன்று பாலிசி உயிரோடு இருந்ததா என்று பார்ப்பார்கள். சைபர் பொறுப்புக் காப்பீட்டில் கணக்கு வேறு. பாதிக்கப்பட்டவர் நம்மிடம் கேட்கும் நாளில், அதை நாம் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் நாளில், பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். 2025-இல் திருடு போனது 2027-இல் தெரியவந்து, இடையில் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. அதேபோல பாலிசியில் பின்தேதி ஒன்று எழுதியிருக்கும். அதற்கு முன் தொடங்கிய ஊடுருவல் எதற்கும் பணம் இல்லை. திருடன் மாதக்கணக்கில் உள்ளே பதுங்கியிருப்பது இந்தத் துறையில் சாதாரணம் என்பதால், பின்தேதி எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று, நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் நாமாக நிபுணரை அமர்த்திச் செலவழித்தாலோ, திருடனுக்குப் பணம் கொடுத்தாலோ, பாதிக்கப்பட்டவரிடம் "எங்கள் தவறுதான், தந்துவிடுகிறோம்" என்று எழுதிக் கொடுத்தாலோ அந்தத் தொகை மறுக்கப்படலாம். நல்ல மனதோடு முந்திக்கொண்டு ஒப்புக்கொள்பவரைத்தான் இந்த நிபந்தனை அதிகம் பாதிக்கிறது. எனவே வருத்தம் தெரிவிப்பதும், நடந்ததை மறைக்காமல் சொல்வதும் நம் கடமை. தொகையை ஒப்புக்கொண்டு எழுதுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டுவிட வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தில் பொய் வேண்டாம்

பாலிசி கேட்கும்போது ஒரு படிவம் தருவார்கள். இமெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறதா, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் போனுக்கு வரும் எண்ணும் கேட்கிறதா? வாரா வாரம் தகவலை வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கிறீர்களா? ஆன்டிவைரஸ் உண்டா? ஏஜென்ட் "எல்லாத்துக்கும் ஆமாம்னு டிக் போட்டுடலாம் பாய்" என்பார். அங்கேதான் ஆபத்து.

அமெரிக்காவில் டிராவலர்ஸ் என்ற காப்பீட்டு நிறுவனம் 2022-இல் இலினாய் மாநிலத்தில் உள்ள மத்திய நீதிமன்றத்தில், இன்டர்நேஷனல் கன்ட்ரோல் சர்வீசஸ் என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. எல்லா இடத்திலும் இரட்டைச் சரிபார்ப்பு இருப்பதாகப் படிவத்தில் எழுதிவிட்டு, உண்மையில் ஃபயர்வாலுக்கு மட்டுமே வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ரான்சம்வேர் தாக்கி அவர்கள் பணம் கேட்டபோதுதான் இது வெளிவந்தது. சில வாரங்களிலேயே அந்த நிறுவனம் பாலிசியை ரத்து செய்ய ஒப்புக்கொண்டது. அந்தக் கோரிக்கை மட்டும் அல்ல, பாலிசியே ஆரம்பத்திலிருந்து இல்லை என்றாகிவிட்டது. இந்தியக் காப்பீட்டுச் சட்டத்திலும் அடிப்படை இதுதான்: கேட்கப்பட்டதற்கு மறைக்காமல் முழு உண்மையைச் சொல்வது இந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை. மார்க்கத்தில் இதற்குத் தனியாக ஆதாரம் தேட வேண்டியதில்லை.

போர் விலக்கு என்றொரு பிரிவும் உண்டு. 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவிய நாட்பெட்யா தாக்குதலில் மெர்க் என்ற மருந்து நிறுவனம் சுமார் 140 கோடி டாலர் இழப்புக் கேட்டது. இது ரஷ்யாவின் போர்ச் செயல் என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. நியூஜெர்சி நீதிமன்றங்கள் மெர்க் பக்கம் தீர்ப்பளித்தன. 2024 ஜனவரியில் மீதி வழக்கு சமரசமானது. இதற்குள் லண்டன் லாய்ட்ஸ் சந்தை, அரசுகளின் பின்புலத்தோடு நடக்கும் பெரும் தாக்குதல்களுக்கான பொறுப்பைத் தனி சைபர் பாலிசிகளில் விலக்க வேண்டும் என்று 2023 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கிவிட்டது. நம் ஊர்க் கடைக்கு இது தூரத்து விஷயம்தான். ஆனால் பாலிசியைப் புதுப்பிக்கும்போது இந்தப் பிரிவின் வாசகம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஏ பிரிவு, மருத்துவ விவரம், வங்கி விவரம் போன்றவற்றைக் கவனக்குறைவாகக் கையாண்டு ஒருவருக்கு நஷ்டம் ஏற்படுத்தினால் ஈடு தர வேண்டும் என்கிறது. தனிநபர் நடத்தும் தொழிலுக்கும் இது பொருந்தும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதன் இடத்தைப் பிடிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அப்போது 43ஏ நீங்கிவிடும். போதிய பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது புதிய சட்டம்.

இந்த 250 கோடியைச் சொல்லித்தான் ஏஜென்டுகள் பயமுறுத்துகிறார்கள். அது உச்சவரம்பு. தவறின் தன்மை, அளவு, அபராதம் பொருத்தமானதா என்பதையெல்லாம் வாரியம் பார்த்தாக வேண்டும். ஓர் அறை டிராவல்ஸுக்கு 250 கோடி யாரும் போடப்போவதில்லை. மேலும், அரசு விதிக்கும் அபராதத்தைக் காப்பீடு தருமா என்பதே பாலிசிக்குப் பாலிசி மாறும். "சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற வாசகத்தோடுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அபராதத்துக்குப் பயந்து பாலிசி எடுப்பவர் எதிர்பார்ப்பது கிடைக்காமலே போகலாம்.

நமக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகிறது. பாஸ்போர்ட் நகல் திருடு போன ஹாஜியாருக்குப் புதிய சட்டத்தில் ஒரு ரூபாய் ஈடும் இல்லை. அவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்றோ, சிவில் நீதிமன்றத்திலோதான் கேட்க வேண்டும். ஆனால் ஃபிக்ஹில் கணக்கு நேர் எதிர்: அங்கே கடன் பாதிக்கப்பட்டவருக்கே உரியது.

அமானிதமும் பொறுப்பும்

ஒருவர் பாதுகாக்கக் கொடுத்த பொருள் நம்மிடம் அமானிதம். நம் அத்துமீறலோ அலட்சியமோ இல்லாமல் அது அழிந்தால் ஈடு கட்ட வேண்டியதில்லை. அலட்சியம் இருந்தால் கட்ட வேண்டும். நான்கு மத்ஹபுகளிலும் இது அறியப்பட்ட அடிப்படை. பூட்டில்லாத பெட்டியில் வைத்துத் திருடு போனால் அது அலட்சியம். கடையில் எல்லாரும் அறிந்த ஒரே பாஸ்வேர்டு, வேலையை விட்டுப் போன ஊழியரின் போனில் இன்னும் இருக்கும் ஆவணங்கள், பயணம் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் அழிக்காத நகல்கள்: இவையும் பூட்டில்லாத பெட்டிதான் என்பது நம் கருத்து. ஈடு கட்டும் கடமை இங்கே பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் தலையில்தான். காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது என்பது பாதிக்கப்பட்டவரிடம் சொல்லத்தக்க பதில் அல்ல.

அப்படியானால் அந்தச் சுமையை இறக்கக் காப்பீடு எடுக்கலாமா? ஆலிம்களிடையே இது பழைய விவாதம். டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) கப்பல் சரக்குக் காப்பீட்டைப் பற்றி அப்போதே எழுதி, அதன் ஈட்டுத்தொகையை முஸ்லிம் வியாபாரி வாங்குவது கூடாது என்றார். கடலோடிகளான நம் மரைக்காயர்களும் அதே காலத்தில் சரக்கைக் கடலில் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்தானே! 1978-இல் மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் சபை வணிகக் காப்பீட்டைத் தடுத்தது. அதில் முஸ்தஃபா அஸ்ஸர்கா மட்டும் மாற்றுக் கருத்துச் சொன்னார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டில் கரர், அதாவது ஒப்பந்தத்தையே கெடுக்கும் நிச்சயமின்மை இருப்பதாகக் கூறித் தடுத்தது. ஒருவருக்கொருவர் உதவும் நன்கொடை அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டை, அதாவது தகாஃபுலை, அனுமதித்தது. தேவ்பந்த் ஃபத்வாக்களும் பொதுவாக, சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் தவிர, வணிகக் காப்பீட்டை அனுமதிப்பதில்லை. வண்டிக்கு எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு அப்படிக் கட்டாயமானது.

சைபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. தகாஃபுல் என்றால், இலங்கையில் 1999 முதல் அமானா தகாஃபுல் இயங்குகிறது; இந்தியாவில் உரிமம் பெற்ற தகாஃபுல் நிறுவனம் கிடையாது. இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில் காப்பீட்டுக்குத் தந்த அனுமதியைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுகிறார்கள். அது வகுப்புக் கலவரங்களில் நம் உயிரும் கடைகளும் குறிவைக்கப்படும் சூழலை வைத்துத் தரப்பட்டது. ரான்சம்வேர் அனுப்புபவன் பெயரைப் பார்த்து அனுப்புவதில்லை. எனவே அந்த அனுமதியை அப்படியே இதற்கு நீட்டுவது சரியாகப் படவில்லை.

இது ஃபத்வா அல்ல. உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் தொழிலின் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பார்வையில், தன் லாப இழப்புக்கும் போன பணத்துக்கும் பாலிசி எடுப்பதைவிட, பிறருக்கு ஈடு கட்டும் பகுதிக்கு எடுப்பது தேவை என்ற வாசலுக்கு நெருக்கமானது. வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தரும், சாஃப்ட்வேர் செய்து தரும் சிறு நிறுவனங்களிடம் ஒப்பந்தத்திலேயே இந்தக் காப்பீட்டை நிபந்தனையாகக் கேட்பது உண்டு. எடுக்காவிட்டால் தொழிலே போகும் என்ற நிலை அவர்களுடையது. நூறு பேரின் மருத்துவ அறிக்கையை வைத்திருக்கும் ஸ்கேன் சென்டரின் நிலையும் மளிகைக் கடையின் நிலையும் ஒன்றல்ல. வாடிக்கையாளரின் போன் எண்ணைத் தவிர வேறெதுவும் வைத்திராத கடைக்கு இந்தப் பாலிசி வீண் செலவு என்றே சொல்வோம். எடுத்தவர்கள் உண்மையான இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் கோரக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சில ஊர்களில் வியாபாரிகள் சங்கம் மூலம் உதவி நிதி வைக்கலாமே என்ற யோசனை எழுகிறது. நல்ல யோசனை. ஆனால் "இவ்வளவு கட்டினால் இவ்வளவு இழப்பீடு நிச்சயம்" என்று எழுதினால் அது காப்பீட்டுத் தொழிலாகிவிடும். உரிமம் இல்லாமல் செய்வது சட்டப்படி குற்றம். நன்கொடையாகச் சேர்த்து, தேவைப்பட்டவருக்கு நிர்வாகம் பார்த்து உதவுவது என்ற அளவில் நிற்க வேண்டும்.

பிரீமியத்துக்கு முன் செய்ய வேண்டியவை

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. இமெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். வாரம் ஒருமுறை நகல் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்த ஹார்டு டிஸ்கில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். வங்கிக் கணக்கு மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், ஏற்கெனவே நம்மிடம் உள்ள பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வேலை முடிந்த பாஸ்போர்ட் நகல்களை அழியுங்கள். நம்மிடம் இல்லாததை யாரும் திருட முடியாது.

பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்து வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த அதுவே வழி. செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இத்தகைய சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தொழில் நிறுவனங்கள் அங்கேயும் தெரிவிக்க வேண்டும். பாலிசி இருந்தால் அதில் உள்ள அவசர எண்ணுக்கு அன்றே சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிடாதீர்கள், ஆதாரம் அழிந்துவிடும்.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். அங்கேயும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தனிநபர் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் எடுத்த பாலிசிகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.